ஆள் மாற வேண்டா. பொறுப்பு மாறினால் போதும்



"முதலில் ரூட்டாக உள்ளே நுழையுங்கள். அடுத்து எஸ்.இ.லினக்ஸை அணைத்துவிடுங்கள். பிறகு எல்லாம் நன்றாக வேலை செய்யும்."

லினக்ஸ் நிறுவுவது பற்றி எழுதப்படும் குறிப்புகள் பலவற்றில் இந்த மூன்று வாக்கியங்களையும் காணலாம். நிறுவித்தர வரும் இளைஞர்களும் இதையே மந்திரம்போல் ஓதுகிறார்கள். பள்ளிக் கணினிக்கூடத்தின் பொறுப்பைச் சுமக்கும் ஆசிரியர்களோ, வல்லுநர் வாக்கு வேதவாக்கு என்று தலையாட்டிவிடுகிறோம். முதல் வாக்கியம் தீய பழக்கம். இரண்டாவது அதைவிடத் தீயது. மூன்றாவது பாதி உண்மை. எல்லாம் வேலை செய்யும், திருடனின் நிரலும் சேர்ந்தே வேலை செய்யும்!

ஏன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். மாணவர்களின் பெயர், பிறப்பிதழ் எண், பெற்றோரின் வருமானம், மதிப்பெண் ஆகியவை இருக்கும் கணினிகளைப் பற்றிப் பேசுகிறோம். இவை நமக்குச் சொந்தமானவை அல்ல. பிறர் நம்மை நம்பிக் கொடுத்து வைத்தவை. காவற்காரன் கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்கப் போகலாமா?

1. ரூட் என்பவர் யார்?

யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. ரூட்டின் எண் 0. எண் 0 உடையவர் வந்தால், கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்னும் வழக்கமான தடைகள் யாவும் விலகிக்கொள்ளும். ஒரு சாதாரணப் பயனர் முனையத்தில் 'எஸ்.யு.' என்னும் கட்டளையைத் தட்டி, ரூட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்தால், அவரே ரூட்டாகிவிடுவார். 1971-இல் வெளிவந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இடம்பெற்றிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது என்றால் அதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் அதன் அடிப்படையில் ஒரு கோளாறு உள்ளது. 'எஸ்.யு.' கேட்பது உங்கள் கடவுச்சொல்லை அன்று, ரூட்டின் கடவுச்சொல்லை. ஐந்து ஆசிரியர்கள் நிர்வாக வேலை செய்ய வேண்டுமானால், ஐந்து பேருக்கும் ஒரே கடவுச்சொல் தெரிந்தாக வேண்டும். ஐவருக்குத் தெரிந்தது ஐம்பதின்மருக்குத் தெரிய எத்தனை நாளாகும்? மஞ்சள் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஐவரும் நேரடியாக ரூட் என்றே நுழைந்தால், மறுநாள் ஒரு கோப்பு காணாமற் போகும்போது, அழித்தவர் ரூட் என்று மட்டுமே பதிவேடு சொல்லும். ரூட் என்று ஒருவர் பிறக்கவும் இல்லை, நம் பள்ளியில் பணியாற்றவும் இல்லை. யாரை விசாரிப்பது?

நம் பள்ளி அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் கூட்டத்திற்குச் சென்றிருக்கிறார். அவசரமாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். துணைத் தலைமையாசிரியர் என்ன செய்கிறார்? தலைமையாசிரியர் சார்பில் என்று குறித்து, கீழே தம் சொந்தக் கையொப்பத்தை இட்டு, தம் பெயரையும் எழுதுகிறார். அதிகாரம் தலைமையாசிரியருடையது, கையொப்பம் இட்டவருடையது. நாளைக்கு வினா எழுந்தால் விடை சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அவரே தலைமையாசிரியரின் கையொப்பத்தைப் போட்டுப் பழகிக்கொண்டு அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? தாளில் செய்தால் குற்றம் என்று நாம் கருதுவதைக் கணினியில் நாள்தோறும் செய்கிறோம். 'வசதி' என்றும் பெயர் சூட்டியிருக்கிறோம்!

2. பாதி தூரம் வந்த 'சூடோ'

இந்தக் கோளாற்றை உணர்ந்தவர்கள் 1980 வாக்கிலேயே இருந்தார்கள். அமெரிக்காவில் பஃபலோ நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவர் 'சூடோ' என்னும் கட்டளையை உருவாக்கினர். இக்காலத்தில் அது கேட்பது உங்கள் சொந்தக் கடவுச்சொல்லை. யார் எந்தக் கட்டளையை இயக்கலாம் என்று முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். யார் எப்போது எதை இயக்கினார் என்பதும் பதிவாகும். 2004-இல் வெளிவந்த உபுண்டுவின் முதற்பதிப்பு, ரூட்டின் கடவுச்சொல்லைப் பூட்டிவைத்துவிட்டுச் 'சூடோ' ஒன்றையே வழியாகக் காட்டியது. நல்ல முடிவு, பாராட்டுகிறேன்.

ஆனால் பயணம் இங்கே முடியவில்லை. 'சூடோ' வழியாக இயங்கும் நிரல், இயங்கத் தொடங்கிய பின் முழு ரூட்தான். அச்சுப்பொறியைச் சரிசெய்ய ஒரு நிரலை அப்படி இயக்கினால், அதே நிரலுக்கு மதிப்பெண் கோப்பைத் திறக்கவும் வலிமை வந்துவிடுகிறது. வேண்டியது ஒரு கரண்டி எண்ணெய், கொடுத்ததோ செக்கையே!

ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் வேலைக்கு வேண்டிய மிகக்குறைந்த அதிகாரத்தோடு மட்டுமே இயங்க வேண்டும் என்னும் நெறியை, சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் 1975-இல் தம் கட்டுரையில் தெளிவாக வரையறுத்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதை ஏட்டுச் சுரைக்காயாகவே வைத்திருக்கிறோம்.

3. பொறுப்பை மாற்றும் கட்டளை

இந்த நெறியைக் கறிக்கு உதவச் செய்த முயற்சிகளுள் ஒன்றுதான் எஸ்.இ.லினக்ஸ். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அதன் மூலநிரலை 2000 திசம்பரில் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 2003-இல் அது லினக்ஸ் கர்னலின் முதன்மைத் தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டது. 2004 இறுதியில் வந்த ஃபெடோரா கோர் 3 அதைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைத்து வெளியிட்டது.

இதில் ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் அடையாளக்குறி ஒட்டப்படுகிறது. முனையத்தில் 'ஐடி' என்று எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் பெரிய 'இசட்' எழுத்தைத் தட்டினால் உங்கள் குறியைப் பார்க்கலாம். முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அதன் முதற்பகுதி, நீங்கள் யார் என்பதைச் சொல்லும். இரண்டாம் பகுதி, இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். மூன்றாவது, அந்தப் பொறுப்பில் உங்கள் நிரல் எந்த வேலியின் உள்ளே இயங்குகிறது என்பது. சில அமைப்புகளில் நான்காவதாக இரகசிய நிலையும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஊழியர் என்னும் பொருளில் 'ஸ்டாஃப்' பொறுப்பில் ஒருவர் நுழைகிறார். கடிதம் எழுதலாம், பாடம் தயாரிக்கலாம். கணினியின் அமைப்பில் கைவைக்க முடியாது. நிர்வாக வேலை வந்தால் 'நியூரோல்' என்னும் கட்டளையைக் கொடுத்து, 'சிஸ்ஆட்ம்' என்னும் நிர்வாகி பொறுப்பைக் கேட்கிறார். கணினி அவருடைய சொந்தக் கடவுச்சொல்லைக் கேட்டு, அந்தப் பொறுப்பை ஏற்க அவருக்கு முன்பே அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறது. இரண்டும் சரியானால் ஒரு புதிய ஷெல் திறக்கிறது. வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்றால் அந்த ஷெல் மூடி, அவர் பழைய பொறுப்புக்கே திரும்புகிறார். பொறுப்பு மாறிய செய்தி தணிக்கைப் பதிவேட்டிலும் ஏறுகிறது.

இதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள்.

முதலாவது: பொறுப்பும் வேலியும் மாறினாலும், அடையாளக்குறியின் முதற்பகுதி மாறுவதே இல்லை. ஆள் அதே ஆள். தோளில் ஏற்ற சுமைதான் வேறு. துணைத் தலைமையாசிரியரின் கையொப்பம் இதுவே.

இரண்டாவது: கடவுச்சொல் கேட்பது வீண்தொல்லை அன்று. நீங்கள் அறியாமல் உங்கள் கணக்கில் புகுந்த ஒரு நிரல், உங்கள் பெயரைச் சொல்லித் தானே நிர்வாகியாகிவிடாமல் தடுப்பதற்கு ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல்தான் அங்கே கேட்கப்படுகிறது.

மூன்றாவது: 'நியூரோல்' உங்களை ரூட்டாக்குவதில்லை, எண் 0 வேறு, நிர்வாகி பொறுப்பு வேறு. கடுமையான விதிகள் உள்ள அமைப்பில் இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைப்பது போன்றது இது. இதை மெய்ப்பிக்க ரஸ்ஸல் கோக்கர் என்னும் ஆஸ்திரேலிய வல்லுநர் ஒரு துணிச்சலான செயலைச் செய்தார். எஸ்.இ.லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியை இணையத்தில் வைத்து, அதன் ரூட் கடவுச்சொல்லை உலகுக்கே அறிவித்து, யார் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள் என்றார். நுழைந்தவர்கள் ரூட்தான், எண் 0-தான். ஆனால் நிர்வாகி பொறுப்பு அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பட்டம் இருந்தது, பதவி இல்லை!

இன்னும் கடுமையான அமைப்புகளில், கணினியை நிர்வகிப்பவர், பாதுகாப்பு விதிகளை எழுதுபவர், தணிக்கைப் பதிவேட்டைப் பார்ப்பவர் என்று மூன்று பொறுப்புகளைத் தனித்தனியாகப் பிரிக்கவும் முடியும். பணம் வாங்குபவரே கணக்கும் எழுதித் தணிக்கையும் செய்யக்கூடாது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! சங்கத்திற்கு ஒரு நீதி, கணினிக்கு ஒரு நீதியா?

4. மறுப்போர் சொல்வனவும் என் விடைகளும்

"எஸ்.இ.லினக்ஸ் வேலையைக் கெடுக்கிறது, அணைத்தால்தான் ஓடுகிறது" என்பது முதல் மறுப்பு. எங்கும் கேட்கும் ஒரு கதையைச் சொல்கிறேன். ஒருவர் பள்ளியின் இணையப்பக்கத்தைத் தம் இல்லக் கோப்புறையில் தயாரிக்கிறார். பிறகு அதை இணையச் சேவையகத்தின் கோப்புறைக்கு நகர்த்துகிறார். பக்கம் திறக்கவில்லை. 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று தட்டுகிறார். தடைகள் நீங்கி, வெறும் எச்சரிக்கைகள் மட்டும் பதிவாகின்றன. பக்கம் திறக்கிறது. "பார்த்தீர்களா!" என்கிறார்.

உண்மையில் நடந்தது என்ன? கோப்பை 'எம்.வி.' கட்டளையால் நகர்த்தும்போது, அது தன் பழைய அடையாளக்குறியையும் சுமந்துகொண்டு போகிறது. வீட்டுக் கோப்பு என்ற குறி ஒட்டிய ஒன்றை இணையச் சேவையகம் தொடக்கூடாது என்பது விதி. விதி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நகர்த்தாமல் 'சி.பி.' கட்டளையால் படியெடுத்திருந்தால், புதிய கோப்பு அங்குள்ள குறியை ஏற்றிருக்கும். நகர்த்திய பிறகும் 'ரெஸ்டோர்கான்' என்னும் ஒற்றைக் கட்டளை அந்தக் குறியைத் திருத்திவிடும். ஒரு வரி! அந்த ஒரு வரியைக் கற்கச் சோம்பி, கணினி முழுமைக்குமான காவலை நீக்குவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும். அணைத்துவிடச் சொன்னவர் தீர்வு சொல்லவில்லை. தம் அறியாமையை உங்கள் கணினியில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

"உளவு நிறுவனம் செய்த மென்பொருளை நம்பலாமா?" என்பது இரண்டாவது. 2013-இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு இந்த ஐயம் எழுவது இயல்பு. ஐயத்தை நான் இகழவில்லை. ஆனால் இதன் மூலநிரல் 2000 முதல் எல்லார் பார்வையிலும் இருக்கிறது. உலகெங்கிலும் உள்ள நிரலர்கள் அதைப் படித்து, திருத்தி, வளர்த்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் 2013-இல் அது நுழைந்தது. 2014-இல் வந்த 5.0 பதிப்பில் முழுக் கட்டாயமாயிற்று. சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசியை வைத்துக்கொண்டு எஸ்.இ.லினக்ஸை நம்பமாட்டேன் என்பவர், குடைக்குக் கீழே நின்றுகொண்டு குடையை ஏசுகிறார்.

"சின்னப் பள்ளிக்கு இவ்வளவு காவல் எதற்கு? எங்களிடம் என்ன இருக்கிறது?" என்பது மூன்றாவது. இதுதான் என்னை மிகவும் வருத்துவது. பெரிய நிறுவனத்தின் தகவல் மட்டுமே தகவலா? தோட்டத்துத் தொழிலாளியின் பிள்ளையுடைய பிறப்பிதழ் எண்ணுக்கு மதிப்பில்லையா? நம் பிள்ளைகளை நாமே மலிவாக எண்ணினால், உலகம் எப்படி மதிக்கும்?

"எங்கள் கணினியில் 'நியூரோல்' என்று தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறதே" என்பது நான்காவது. நேர்மையான கேள்வி, இதற்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். ஃபெடோரா, ரெட்ஹேட் வகைகளில் அதைத் தனித்தொகுப்பாக நிறுவ வேண்டும். மேலும் அவற்றின் வழக்கமான விதிகளின்படி, சாதாரணப் பயனர்கள் 'அன்கன்ஃபைன்ட்', அதாவது வேலியில்லாதவர் என்னும் பொறுப்பிலேயே நுழைகிறார்கள். வேலி சேவையகங்களைச் சுற்றித்தான். வேலியில்லாதவருக்குப் பொறுப்பு மாற்றத்தால் பயனில்லை. உபுண்டுவோ ஆப்ஆர்மர் என்னும் வேறு காவல்முறையைப் பயன்படுத்துகிறது. எனவே எல்லாப் பள்ளியும் நாளையே 'நியூரோல்' கற்க வேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. அந்தக் கட்டளையின் உள்ளிருக்கும் அறத்தைக் கற்க வேண்டும் என்கிறேன்.

"சூடோவிலேயே ஓட்டை இருந்ததே" என்பாரும் உண்டு. இருந்தது. 2011 முதல் மறைந்திருந்த ஒரு பெரும்பிழை 2021 சனவரியில் வெளிப்பட்டது. கணினியில் கணக்குள்ள எவரும் அதைக்கொண்டு ரூட்டாகிவிட முடிந்தது. திருத்தமும் உடனே வந்தது. பூட்டு ஒன்று பழுதானதால் பூட்டே வேண்டா என்று முடிவு கட்டுவதா, இரண்டாவது பூட்டு ஏன் வேண்டும் என்று புரிந்துகொள்வதா? ஒரே காவலை நம்பியிருப்பது ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

5. நாம் செய்யக்கூடியவை

ஒன்று: ரூட்டின் பொதுக் கடவுச்சொல்லை ஒழியுங்கள். பொறுப்பாசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. நிர்வாக வேலைக்குச் 'சூடோ'.

இரண்டு: எஸ்.இ.லினக்ஸ் உள்ள அமைப்பானால், 'செமானேஜ்' கட்டளையைக்கொண்டு பொறுப்பாசிரியரின் கணக்கை 'ஸ்டாஃப்' வகையிலும் மாணவர் கணக்குகளை 'யூசர்' வகையிலும் இணையுங்கள். 'யூசர்' வகையில் உள்ளவர் 'எஸ்.யு.', 'சூடோ' இரண்டின் வழியாகவும் மேலேற முடியாது. 'ஸ்டாஃப்' வகையினர்க்குச் 'சூடோ' உண்டு. அந்தச் 'சூடோ'வே, உரிய விருப்பங்களைக் கொடுத்தால், எண்ணையும் பொறுப்பையும் ஒருசேர மாற்றித்தரும். இவ்வளவையும் ஒரு மாலை நேரத்தில் செய்துவிடலாம்.

மூன்று: தடை வந்தால் முதலில் பதிவேட்டைப் படியுங்கள். எந்த நிரல், எந்தக் கோப்பு, எந்தக் குறி என்று அங்கே எழுதியிருக்கும். நோய் என்னவென்று பாராமல் மருந்து கொடுப்பவரை நாம் மருத்துவர் என்று அழைப்பதில்லை.

நான்கு: விண்டோஸ் கணினியிலும் இதே நெறிதான். 2007-இல் விஸ்டாவோடு பரவிய அந்த ஒப்புதல் கேட்கும் பெட்டியை எரிச்சலோடு அணைத்து வைக்காதீர்கள். மாணவர் கணக்கை நிர்வாகிக் கணக்காக வைக்காதீர்கள்.

இவையனைத்தையும்விட முதன்மையான ஒன்று உண்டு. நாம் செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்புத் தலைவனுக்கு ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்பை அமைதியாக வைத்திருக்கும் பொறுப்பைக் கொடுக்கிறோம். ஆசிரியர் திரும்பியதும் அவன் தன் இருக்கையில் போய் அமர்கிறான். ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்து அவர் பெயரைச் சொல்லிக்கொள்ள நாம் விடுவதில்லை. அதிகாரம் என்பது கேட்டுப் பெறுவது, தன் பெயரால் ஏற்பது, வேலை முடிந்ததும் இறக்கி வைப்பது என்று அந்தச் சிறுவனுக்குச் சொல்லாமலே கற்பிக்கிறோம். அதே சிறுவன் கணினிக்கூடத்திற்குள் வந்து, ஆசிரியர்கள் அனைவரும் ஒரே கடவுச்சொல்லால், ஒரே பொய்ப்பெயரால், இறக்கி வைக்காத அதிகாரத்தோடு உலவுவதைக் கண்டால், எதை நம்புவான்? வாயால் சொன்னதையா, கையால் செய்ததையா?

வழிகாட்டிக் குறிப்பு எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழில் கணினி நூல்கள் பெருக வேண்டும் என்று உழைக்கிறீர்கள், நன்றி. ஆனால் பிறமொழிக் குறிப்புகளில் உள்ள குறுக்குவழிகளையும் அப்படியே தமிழாக்கிப் பரப்பாதீர்கள். 'அணைத்துவிடுங்கள்' என்னும் ஒரு சொல்லுக்குப் பதில், ஏன் தடுக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். அந்த மூன்று வரியால் ஒரு பள்ளியின் பதிவேடு காக்கப்படும்.

காவலை நீக்கச் சொல்லி இனி யாரேனும் உங்கள் கணினிக்கூடத்திற்கு வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கும், ஐயா?" அவர் விடை சொல்லும்வரை விசைப்பலகையைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்